கலங்கலும் தேற்றமும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே தொடங்கி மேற்கு நோக்கி ஓடும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, இன்று நகர எல்லைக்குள் பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடவுள் இல்லை என்று ஓயாது முழங்கிய ஒருவரின் பெயரை ஏற்ற அச்சாலையின் இருமருங்கும் உள்ள கோயில்களையும் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் எண்ணி முடிப்பது அரிது. அதன் மேல்முனையில் இருக்கும் பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர். அங்கிருந்து மலர் சுமந்து சென்று காஞ்சி வரதருக்குத் தொண்டு புரிந்தவர் அவர். ஆலவட்டம் வீசிக்கொண்டே பெருமாளோடு நேர்நின்று உரையாடினார் என்பது வைணவர் போற்றும் செய்தி. சற்று அப்பால், ஆழ்வார் ஒருவரைத் தந்த திருமழிசை. தன் குறையை இறைவனிடம் தானே எடுத்துச் சொல்லுதல் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

அதே சாலையின் கீழ்முனையை ஒட்டியிருப்பது வேப்பேரி. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஒரு செருமானியர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தங்கியிருந்தார். தமிழிலேயே இறைவனிடம் முறையிட்டார். தமிழிலேயே பிறர் கண்ணீரைத் துடைக்க முயன்றார். யோகான் பிலிப் பப்ரிசியஸ் என்பது அவர் பெயர். இன்றைய தமிழிலக்கிய வரலாறுகள் அவருக்கு ஓரிரு வரிகளே ஒதுக்குகின்றன. அவ்வரிகளும் பெரும்பாலும் அவருடைய அகராதியைப் பற்றியவை.

கிறித்தவம் தமிழுக்குச் செய்த தொண்டு என்று பேசத் தொடங்கினால் அச்சுப்பொறி, அகராதி, உரைநடை, எழுத்துச் சீர்திருத்தம், ஒப்பிலக்கணம் என்று ஒரு பட்டியல் நீள்வது வழக்கம். பட்டியல் பொய்யன்று. ஆயினும் அந்த நூல்களைக் கையில் ஏந்திய எளிய மக்கள் அவற்றை அகராதிக்காகவோ ஒப்பிலக்கணத்துக்காகவோ ஏந்தவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும், பஞ்சம் புகுந்த ஊரிலும், படை வருகிறதென்று மூட்டை கட்டிய இரவிலும் நாவில் வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சில சொற்கள் வேண்டியிருந்தன. அச்சொற்களை ஆக்கித் தந்தவர்களின் வரலாறே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவர்களில் ஒருவரேனும் துன்பத்துக்கு வெளியே நின்று பிறருக்கு ஆறுதல் சொன்னவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு சொல். கிறித்தவ மறைநூலில் தூய ஆவிக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றைத் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகத் ‘தேற்றரவாளன்’ என்று சொல்லி வருகின்றனர். மூலமொழியாகிய கிரேக்கத்தில் அச்சொல்லின் பொருள் ‘அருகே அழைக்கப்பட்டவர்’ என்பது. வழக்கில் துணைநின்று பேசுபவரையும் அச்சொல் குறிக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இப்பொருளைக் கருதியே ‘துணையாளர்’ என்று பெயர்த்தது. மூலத்துக்கு அது நெருக்கமானது. பழைய சொல்லோ தமிழுக்கு நெருக்கமானது.

தேறு, தேற்று, தேற்றம் என்பன தமிழில் மிகப் பழைய சொற்கள். தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் முதலாவதாகத் தேற்றத்தைக் குறிப்பார். அங்கே அது உறுதியைக் குறிக்கிறது. நாட்டுப்புறத்தில் தேற்றாங்கொட்டையை அறியாதவர் அண்மைக்காலம் வரை இல்லை. கலங்கிய ஏரிநீரைக் குடத்தில் மொண்டு வந்து, குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையை இழைத்துவிட்டால், சிறிது நேரத்தில் மண் அடியில் படியும், நீர் தெளியும். அம்பத்தூர் ஏரியும் செம்பரம்பாக்கத்து ஏரியும் குடிநீர் தந்த காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் இது அன்றாடச் செயலாகவே இருந்திருக்கும். கலித்தொகையில் நல்லந்துவனார் இவ்வழக்கத்தை உவமையாக்கியுள்ளார். பிரிவால் பித்தேறி அலைந்த தலைவி, தலைவன் வந்து சேர்ந்ததும் தெளிந்த நிலைக்கு, அவ்விதையால் கலங்கல் தெளிந்த நீரை அவர் ஒப்புக் காட்டுகிறார். மண் நீரைவிட்டுப் போய்விடுவதில்லை; அடியில் படிகிறது, அவ்வளவே. துயரை நீக்குவது வேறு, தேற்றுவது வேறு என்பதை இச்சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மறைநூலைப் பெயர்த்தோர் கலித்தொகையை அறிந்திருக்க வழியில்லை. அந்நூல் அச்சேறியதே 1887இல்தான். ஆனால் அவர்கள் தமிழரிடம் கேட்டு எழுதினர். சொல் தன் பழம்பொருளைத் தானே கொண்டு வந்து சேர்ந்தது.

பப்ரிசியஸ் 1711இல் செருமனியில் பிறந்தார். முதலில் சட்டமும் பின்னர் ஆலே நகரில் இறையியலும் பயின்றார். 1740இல் தரங்கம்பாடி வந்திறங்கினார். 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். பின்னர்த் தாயகம் திரும்பவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. அவர் வந்து நான்காம் ஆண்டு தொடங்கி சென்னைக்கு நேர்ந்த இடர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு மனிதர் தம் மேசை முன் அமைதியாக அமர்ந்து எழுத எத்தனை நாள் வாய்த்திருக்கும் என்ற ஐயமே எழும். 1746இல் பிரெஞ்சுக்காரர் புனித சார்ச்சுக் கோட்டையைக் கைப்பற்றினர். பப்ரிசியஸ் தம் சபையாருடன் டச்சுக்காரர் வசம் இருந்த பழவேற்காட்டில் புகலடைந்தார். சென்னை ஆங்கிலேயரிடம் மீண்ட பின்னரே 1749இல் வேப்பேரியில் நிலையான இடம் கிடைத்தது. 1758 டிசம்பரில் லாலியின் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. வேப்பேரி சூறையாடப்பட்டது. மீண்டும் பழவேற்காடு. 1767இல் மைசூர்க் குதிரைப்படை நகரின் புறத்தே வந்து கொள்ளையிட்டது. 1769இல் ஐதர் அலி பரங்கிமலை வரை வந்து உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பினார். 1780இல் அவர் மறுபடியும் படையெடுத்தார். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது.

காஞ்சிப் பக்கத்திலிருந்து பட்டணம் நோக்கி வருவோருக்குப் பூவிருந்தவல்லி வழியிடை ஊர். அந்த ஆண்டின் ஓட்டத்தையும் அதைத் தொடர்ந்து 1781, 1782ஆம் ஆண்டுகளில் சென்னையை வாட்டிய பஞ்சத்தையும் இச்சாலை கண்டது. இராயபுரத்து மணியக்காரர் சத்திரம் அப்பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தோன்றியதே. மக்கள் நாவில் அது கஞ்சித் தொட்டி ஆயிற்று. படைவீரர் பற்றியும் தளபதிகள் பற்றியும் நூல்கள் நிரம்ப உண்டு. அவ்வாண்டுகளில் வேப்பேரித் திண்ணையில் வந்து ஒண்டியவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இந்த ஆண்டுகளுக்கிடையேதான் பப்ரிசியஸ் செருமானியத் திருப்பாடல்களைத் தமிழில் பெயர்த்துவந்தார். அவை ஞானப்பாட்டுகள் எனப்பட்டன. 1774இல் அவருடைய பாடல் நூல் வெளிவந்தது. அதற்கு உதவிய அச்சுப்பொறியின் கதையும் போரின் கதையே. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய பொறியை ஆங்கிலேயர் சென்னைக்குக் கொணர்ந்தனர். அதை இயக்கத் தெரிந்தவர் அரசிடம் இல்லை. அரசு வேலைகளையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற உடன்பாட்டுடன் அது வேப்பேரிக்கு வந்தது. ஒருவர் தோல்வியில் கிடைத்த பொறி வேறு பலர்க்கு ஆறுதல் அச்சிட்டது. புதிய ஏற்பாடு 1772இல் அதிலிருந்து வந்தது. தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வந்தது.

அவர் பெயர்த்த பாடல்கள் எங்குப் பிறந்தவை என்பது கருதத்தக்கது. செருமனியில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்நாட்டின் ஊர்களைச் சுடுகாடாக்கியது. பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. அக்காலத்துப் பாடலாசிரியருள் தலைசிறந்தவர் பால் கெர்ஆர்ட். 1607இல் பிறந்த அவர் இளமை முழுவதையும் அப்போரின் நடுவே கழித்தார். பெற்ற மக்கள் ஐவருள் நால்வரை இளமையிலேயே அடக்கம் செய்தார். ஆட்சியாளரின் ஆணைக்குக் கையொப்பமிட மறுத்து 1666இல் பெர்லினில் தம் பணியை இழந்தார். 1668இல் மனைவியையும் இழந்தார். துயர்ப்படும் உள்ளத்தைப் பார்த்து ‘உன் வழியை அவரிடம் விட்டுவிடு’ என்ற கருத்தில் அவர் பாடியவை வெறும் அறிவுரையாக ஒலிக்காததன் காரணம் இதுவே. அவருடைய பாடல்கள் தமிழ் ஞானப்பாட்டு நூலில் உள்ளன. ஒரு நாட்டின் போரில் பிறந்த பாட்டு, இன்னொரு நாட்டின் போரில், முற்றிலும் வேறான மொழியில் மறுபிறப்பு எடுத்தது. வேப்பேரியில் அதைப் பாடிய தமிழருக்கு முப்பதாண்டுப் போர் என ஒன்று நடந்ததே தெரிந்திராது. பாட்டு மட்டும் அதை அறிந்திருந்தது.

கவிஞர் அவையில் ஒரு தடை எழுவது இயல்பு: இவை பாட்டா? யாப்புத் தராசில் நிறுத்தால் ஞானப்பாட்டுகள் எடை குறைந்தவையே. செருமானிய மெட்டு முன்னரே முடிவானது. அதன் அசைக் கணக்குக்குள் தமிழ்ச்சொல் அடங்கவேண்டும். தமிழின் நெடிலும் குறிலும் தமக்குரிய இடத்தை விட்டு மெட்டுக்குப் பணிகின்றன. எதுகை நிற்கவேண்டிய அடித்தொடக்கத்தில் நிற்பதில்லை. அயல்மொழி வழக்கப்படி அடியின் இறுதியில் இயைபு மட்டும் வந்து நிற்கிறது. தமிழ் மரபில் ஊறிய புலவர்கள் இவற்றைக் கண்டு முகம் சுளித்தது நேர்மையானதே. இலக்கணம் அறிந்தோர் இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாவு வீட்டில் பாடுகின்ற கூட்டம் எதுகை தேடுவதில்லை என்பதையும் மறுக்க முடியாது. மெட்டு மெல்ல நடக்கும். பாட்டுப் பயிலாதவரும் கூடப் பாடலாம். ஒருவர் குரல் உடைந்தால் மற்றவர் குரல் அதைத் தாங்கும். தனிக்குரலுக்கு ஆக்கிய பாட்டுக்கும் கூட்டுக்குரலுக்கு ஆக்கிய பாட்டுக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்கவேண்டுமா என்பதைக் கவிஞர்களே முடிவு செய்யலாம்.

ஒப்பாரியும் கூட்டுப்பாட்டுத்தானே என்பர். ஆம். மார்பில் அறைந்து பாடும் ஒப்பாரியைச் சபைக் குருமார் பலர் விரும்பவில்லை. நம்பிக்கையற்றோரின் அழுகை என ஒதுக்கினர். அவர்கள் ஒதுக்கியதில் ஓர் இழப்பு உண்டு. இறந்தவரின் பெயரையும் உறவையும் அவர் செய்த சின்னஞ்சிறு நன்மைகளையும் பெயர் சொல்லி அழுவது ஒப்பாரி. ஞானப்பாட்டில் அந்தத் தனிமுகம் இல்லை. அது எல்லாச் சாவுக்கும் பொதுவானது. கிறித்தவத் தமிழ்ப் பெண்கள் பலர் இரண்டையும் விடவில்லை என்பதே நடைமுறை. ஐயர் வந்து போகும்வரை பாட்டு, போனபின் ஒப்பாரி.

பப்ரிசியசின் இறுதிக்காலம் இத்தகைய மலரில் எழுதக் கூசத்தக்கது; எழுதாமல் விடுவது அதனினும் தவறு. பலர் அவரை நம்பித் தம் பணத்தை ஒப்படைத்திருந்தனர். அவர் அதை வட்டிக்கு விட்டார். ஆர்க்காட்டு நவாபின் பெயரால் கடன் வாங்குவதும் கொடுப்பதும் அக்காலச் சென்னையின் தொற்றுநோய். கொடுத்த பணம் திரும்பவில்லை. மறைநூலைப் பெயர்த்த கிழவர் கடனுக்காகச் சிறை புக நேர்ந்தது. பேராசை அவருக்கு இருந்ததாக எவரும் சொல்லவில்லை. காசு பற்றிய அறிவு இல்லை என்றே எல்லாரும் சொல்கின்றனர். எனினும் நம்பியவர் பணம் போயிற்று. 1788இல் கெரிக்கே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில் பப்ரிசியஸ் மறைந்தார். அவர் பெயர்த்த பழைய ஏற்பாட்டின் இறுதிப்பகுதி அவர் மறைந்த பின்னரே அச்சாகி வந்தது. பின்வந்தோர் அவருடைய பெயர்ப்பைத் தங்கத் திருப்புதல் என்று போற்றினர். பொன்னைக் காக்கத் தெரியாமல் சிறை சென்றவரின் எழுத்துக்குத் தங்கம் என்று பெயர் வாய்த்தது.

அவருடைய பெயர்ப்பை உயிரினும் மேலாகப் போற்றியவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். 1774இல், ஞானப்பாட்டு நூல் வெளிவந்த அதே ஆண்டில், நெல்லையில் பிறந்தார். சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் அதே ஐயரின் பேணலில் வளர்ந்தவரே. செருமானிய மெட்டிலேயே சபை பாடிக்கொண்டிருந்த காலத்தில், பதம், கும்மி, குறவஞ்சி, கீர்த்தனை என்று தமிழ் மண்ணின் வடிவங்களை எடுத்து அவற்றில் தம் நம்பிக்கையைப் பாடியவர் சாத்திரியார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி 1800ஆம் ஆண்டினது. ஞானப்பாட்டில் நொண்டிய தமிழ் அவர் கீர்த்தனையில் தன் காலால் நடந்தது என்றால் மிகையன்று.

அவருக்கு வந்த துன்பம் அயலாரால் அன்று, சபையாலேயே வந்தது. 1820களில் புதிதாக வந்த ஐயர்மார் பழைய மறைநூல் பெயர்ப்பைத் திருத்த முனைந்தனர். தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தில் பாடலாகாது என்றனர். திருநாள்களில் பூச்சூடுவதையும் கடிந்தனர். ஆலயத்துள் சாதிவாரியாக அமர்வதை விடவேண்டும் என்றனர். இந்நான்கையும் சாத்திரியார் ஒருசேர எதிர்த்தார். தம் பணியையும் இழந்தார். முதல் மூன்றில் தமிழ்மனம் அவர் பக்கம் சாயும். நான்காவதில் சாய முடியாது. 1829இல் சாதி வழக்கத்துக்காக வாதிட்டு அவர் நூலே எழுதினார். ஆலயத்தின் ஒரு பக்கத்தில் அமர்த்தப்பட்டிருந்த மக்கள் அவருடைய பாடலைப் பாடிக்கொண்டுதான் இருந்தனர். அவர் எழுதிய ஆறுதல் அவர்களையும் தொட்டது. அவர் எழுதிய வாதம் அவர்களைத் தள்ளி நிறுத்தியது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை முற்றாக விட்டொழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தார். அந்த அறிக்கைக்குப் பின்னும் பல ஊர்களில் ஆலய இருக்கைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் கோடு அழியாமல் இருந்தது. ஆறுதலின் வரலாறு எழுதுவோர் அந்தக் கோட்டைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவர் கீர்த்தனைகள் வேறொரு வாயில் வழியே உள்ளே வந்தன. மதுரைப் பக்கத்து அமெரிக்க ஊழியரான எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பில் சாத்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. 1864இல் தொண்ணூறு வயதை நெருங்கிய நிலையில் அவர் மறைந்தபோது, தாம் பாடியதைச் சபைகள் பாடக் கேட்டிருந்தார்.

மாயூரத்தில் இன்னொரு வேதநாயகம் இருந்தார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராக இலக்கிய அன்பர் அனைவரும் அறிந்த முன்சீப் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவரைப் பாடிப் புகழ்ந்தார். பஞ்சம் முடிந்த ஆண்டாகிய 1878இல் வெளிவந்தது அவருடைய சர்வசமய சமரசக் கீர்த்தனை. எச்சமயத்தாரும் தம் கடவுளை நினைந்து பாடும்படி, குறிப்பிட்ட தெய்வப்பெயர் வராமல் ஆக்கியவை அப்பாடல்கள். பசித்தவன் எந்தச் சமயத்தான் என்று கேட்டுக் கஞ்சி ஊற்றாதவர், பாடுகிறவன் எந்தச் சமயத்தான் என்றும் கேட்கவில்லை.

எனினும் துயரின் வழியையே காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை ஒருவரே. 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர்; கம்பனை நெஞ்சில் ஏற்றியவர்; சாயர்புரத்தில் தமிழாசிரியர். சுற்றத்தாரின் வருத்தத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் சமயம் மாறினார். 1858இல் அவர் திருமுழுக்குப் பெற்றது சென்னையில். சென்னையில் அவர் ‘தினவர்த்தமானி’ இதழிலும் மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். பின்னர்த் தென்பாண்டி நாட்டுக்கே திரும்பிவிட்டார். பலவாண்டு உழைத்து அவர் ஆக்கிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது.

அதன் மூலத்தை எழுதிய ஆங்கிலேயர் சான் பனியன் ஒரு பாத்திரத் தொழிலாளி. அனுமதியின்றிச் சமயச் சொற்பொழிவு செய்தார் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் அடைக்கப்பட்டவர். முதுகில் சுமையோடு ஒருவன் தன் ஊரைவிட்டுப் புறப்பட்டு, சேற்றில் விழுந்து, இருள்சூழ் பள்ளத்தாக்கைக் கடந்து, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்பட்டு, ஆற்றைக் கடந்து உயர்நகர் சேரும் கதை அது. அரக்கன் அவனை அடைத்து வைத்தபோது, வாக்குறுதி என்னும் சாவி முதலிலிருந்தே தன் மடியில் இருந்ததை அவன் மறந்திருந்தான். சிறையிருந்தவர்க்கு அல்லாமல் வேறு எவர்க்கும் இக்கற்பனை தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

கிருட்டிணபிள்ளை இதைப் பெயர்த்தார் என்று சொல்வது பொருந்தாது. ஆங்கிலத்து உரைநடைக் கதை கம்பனின் விருத்தத்தில் பருவம், படலம் என்று விரிந்தது. அதைவிட நுட்பமானது, காப்பியத்தின் இடையிடையே அவர் தேவாரம் என்ற பெயரில் பதிகங்களை அமைத்தது. கதை நின்று, உள்ளம் தன் குரலில் முறையிடும் இடங்கள் அவை. ஆழ்வார் பாசுரமும் நாயன்மார் பதிகமும் கேட்டு வளர்ந்த செவி, புதிய நம்பிக்கையின் துயரையும் அந்தப் பழைய பண்ணிலேதான் கேட்டது. சமயம் மாறியவர் தம் அழுகையை மாற்றிக்கொள்ளவில்லை. பூவிருந்தவல்லி நம்பிகள் ஆலவட்டம் வீசியபடி பேசிய அதே மரபின் பேச்சு, கரையிருப்புக் கவிஞரின் காப்பியத்தில் வேறு பெயர் சொல்லித் தொடர்ந்தது. சமய வாதிகள் இதை எந்தப் பக்கத்திலிருந்தும் ஒப்ப மாட்டார்கள்; பாட்டைப் படிப்போர் ஒப்புவர். 1900இல் அவர் மறைந்தார். ‘கிறித்தவக் கம்பர்’ என்ற பெயர் நின்றது. அப்பெயரைச் சொல்வோரில் காப்பியத்தைப் படித்தவர் சிலரே என்பது வேறு செய்தி. ஆனால் அவருடைய தனிப்பாடல்கள் ஆலயந்தோறும் ஒலிக்கின்றன.

தெற்கில் ஆக்கிய இப்பாடல்கள் சென்னையின் மேற்குப் புறத்துக்கு வந்து சேர்ந்த வழி மிக எளியது. பாடியவர்களே சுமந்து வந்தனர். 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னாட்டின் முதல் தொடர்வண்டி அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் சென்றது. ஆயினும் நூறாண்டுகள் இப்பக்கம் ஏரியும் வயலுமாகவே இருந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தோன்றியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. நெல்லை, குமரி, வடஆர்க்காடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இளைஞர் வந்தனர். வாடகை அறையில் குடியிருந்தோரின் பெட்டியில் மாற்றுடையோடு பாட்டுப் புத்தகமும் இருந்தது. வேலை நிரந்தரம் ஆகும்வரை மூன்று ஷிப்டும் மாறிமாறி உழைத்தவர்கள், ஞாயிறு மாலையில் யாரேனும் ஒருவர் வீட்டு முன்னறையில் பாய்விரித்துக் கூடினர். முதலில் ஓலைக்கொட்டகை, பின்னர்த் தகரக்கூரை, அதன் பின்னர்க் கட்டடம் என்று பல சபைகள் வளர்ந்த கதை இது.

அக்கூட்டங்களில் ஆலயக் கட்டடத்தைவிட முன்னதாக உருவானது துக்கம் கேட்கும் ஒழுங்கு. சொந்த ஊரிலென்றால் சாவுக்குச் சுற்றம் தானே வந்து நிற்கும். இங்கே வாடகை வீட்டுக் குறுகிய முற்றத்தில் பிணத்தோடு ஒரு பெண் தனித்திருப்பாள். தந்தி ஊர் சென்று உறவினர் வர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அந்த இரவை நிரப்ப வேண்டியவர்கள், நேற்றுவரை பெயர் மட்டும் தெரிந்த நாலைந்து பேர். அவர்களுக்கு இறந்தவரின் குலமுறையோ ஒப்பாரிக்குரிய உறவு முறையோ தெரியாது. தெரிந்தது பாட்டு ஒன்றே. இறந்தவரின் முகத்தை அறியாத, எல்லாச் சாவுக்கும் பொதுவான ஞானப்பாட்டின் குறை என்று எது சொல்லப்பட்டதோ, அதுவே இங்குப் பயன்பட்டது. ‘அருகே அழைக்கப்பட்டவர்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருளை அந்த இரவில் எவரும் விளக்கவில்லை; விளக்க வேண்டிய தேவையும் இருந்திராது. யோபுவின் நண்பர் மூவரும் அவன் துயர் கண்டு ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் அமர்ந்திருந்ததை மறைநூல் சொல்கிறது. வாய் திறந்து விளக்கம் கூறத் தொடங்கிய பின்னரே அவர்கள் அவனுக்குச் சுமையாயினர்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் இந்த ஒழுங்குதான் முதலில் அறுந்தது. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு விதித்தது. நோயால் இறந்தோரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவரவும் இயலவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் அடக்கத்துக்குச் செல்ல முடியாதவர்கள் அவரவர் வீட்டிலிருந்து கைப்பேசி வழியாகப் பாடினர். கைப்பேசியில் குரல்கள் ஒருங்கே வந்து சேர்வதில்லை. ஒருவர் ஓரடி முந்துவார், இன்னொருவர் பிந்துவார். மெல்ல நடக்கும் அந்தச் செருமானிய மெட்டு, முந்துவோரையும் பிந்துவோரையும் ஒருவாறு பொறுத்துக்கொண்டது. சாத்திரியாரின் துரித நடைக் கீர்த்தனைகள் அப்படிப் பொறுக்கவில்லை என்று பாடியவர்கள் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

புரசைவாக்கத்தில் லுத்தரன் சபையாரின் அடைக்கலநாதர் ஆலயம் இருக்கிறது. பப்ரிசியஸ் ஓடிவந்தோரை வைத்துக் காத்த வேப்பேரிக்கு அது அடுத்த பகுதி. ஞானப்பாட்டு அங்கு இன்றும் பாடப்படுகிறது. பாட்டைத் தொடங்குபவர் ஆசிரியர் பெயரைச் சொல்வதில்லை. அது போரில் பிறந்தது, கடனில் நொடித்தவர் பெயர்த்தது என்றும் சொல்வதில்லை. எண்ணை மட்டும் சொல்லுகிறார். பக்கங்கள் புரளும் ஒலி கேட்கிறது. முதியவர் சிலர் புத்தகத்தைத் திறப்பதில்லை.